தினிப்ரோ கரையில் ஒரு பழைய சுவீடிஷ் சிற்றூர்

உக்ரைனின் தெற்கே, கெர்சோன் மாநிலத்தில், தினிப்ரோ ஆற்றின் வலக்கரையில் பெரிஸ்லாவ் நகருக்கு அண்மையில் உள்ள ஸ்மியீவ்கா, 2022இல் போர் பெரிதாக மூள்வதற்கு முன் ஏறத்தாழ 2,500 பேர் வாழ்ந்த ஊர். கோதுமையும் பார்லியும் சூரியகாந்தியும் தர்ப்பூசணியும் விளையும் அந்த வட்டாரத்தின் மற்ற ஊர்களிலிருந்து பார்வைக்கு அது பெரிதும் வேறுபட்டதன்று. ஆனால் இன்று அவ்வூரின் ஒரு பகுதியாகிவிட்ட பழைய குடியிருப்பு ஒன்றுக்கு ‘பழைய சுவீடிஷ் ஊர்’ என்று பொருள்படும் கம்மல்ஸ்வென்ஸ்க்பீ என்ற பெயர் வழங்கியது. பால்டிக் கடல் தீவு ஒன்றிலிருந்து 1782இல் வந்து சேர்ந்த குடியானவர்களின் வழிவந்தோர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே ஒரு சுவீடிஷ் வட்டார வழக்கைப் பேசிவந்தனர். உக்ரைனிய நாட்டுப்புறத்தைப் புரட்டிப்போட்ட பெருநிகழ்வுகளில் இச்சிற்றூரைத் தொடாமல் போனது அநேகமாக எதுவுமில்லை. இவ்வரலாற்றைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒன்று தெளிவாகும்: இம்மக்களை ஆண்ட ஒவ்வோர் அரசும் அவர்களுக்கு நிலம் குறித்து ஒரு வாக்கு அளித்தது, அநேகமாக ஒவ்வொரு வாக்கும் பாதியிலேயே கைவிடப்பட்டது.

இக்குடிகளின் பூர்விகம் இன்றைய எஸ்தோனியாவுக்கு உட்பட்ட ஹீயுமா தீவு. சுவீடிஷ் மொழியில் அதற்கு டாகோ என்று பெயர். இடைக்காலம் முதற்கொண்டே எஸ்தோனியக் கரையோரங்களிலும் தீவுகளிலும் மீன்பிடித்தும் உழுதும் வாழ்ந்த சுவீடிஷ் மக்கள், தங்களைச் சுற்றி வாழ்ந்த எஸ்தோனியக் குடியானவர்களைப் போல் பண்ணையடிமைகளாக அன்றி, பழைய அரசுரிமைப் பட்டயங்களின் வழியே சுதந்திரக் குடிகளாகக் கருதப்பட்டனர். பண்ணையடிமை என்பவர் பிறந்த நிலத்தை விட்டு உடையவரின் இசைவின்றி நகர முடியாதவர் ஆவார். 1624இல் சுவீடன் அரசர் குஸ்தாவ் அடோல்ஃபிடமிருந்து யாக்கோப் டெ லா கார்டி என்ற பெருந்தளபதி இத்தீவைப் பெற்ற நாள் தொட்டே, நிலவுடைமையாளர்களுக்கும் இச்சுதந்திரக் குடிகளுக்கும் இடையே வழக்கும் முறையீடும் ஓயவில்லை. பெரும் வடக்குப் போரில் சுவீடன் தோற்று, 1721ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி எஸ்தோனியா முழுவதும் ரஷ்யப் பேரரசின் கைக்குப் போனபின், பட்டயம் அளித்த அரசே அங்கே இல்லாமற்போனதால் அவர்களின் உரிமை காகித அளவில் மட்டும் எஞ்சியது. தீவின் பெரும் பண்ணைகளைக் கையில் வைத்திருந்த ஸ்டென்போக் பிரபுக் குடும்பம் கூடுதல் உழைப்பையும் வரியையும் கேட்டது. குடியானவர்கள் நீதிமன்றத்தை நாடினர். அவர்கள் தீவிலேயே இல்லாமற்போவதுதான் இந்த நீண்ட சச்சரவுக்கு ஆள்வோர் கண்ட முடிவாயிற்று.

அம்முடிவுக்கு வசதியாக, பேரரசின் மறுகோடியில் ஆளற்ற நிலம் காத்திருந்தது. 1768 முதல் 1774 வரை நடந்த போரில் துருக்கிய உதுமானியப் பேரரசை வென்ற ரஷ்யா, கருங்கடலுக்கு வடக்கே பரந்த ஸ்டெப்பி நிலத்தைக் கைப்பற்றியிருந்தது. ஸ்டெப்பி என்பது மரங்களே அரிதான, கோடையில் காய்ந்து குளிரில் உறையும் புல்வெளிச் சமநிலம். அங்கே தன்னாட்சியோடு வாழ்ந்த ஸப்போரீஷியக் கோசாக்குகளின் கோட்டையை 1775இல் பேரரசி இரண்டாம் கேத்தரினின் படைகள் அழித்தன. ‘ஆளற்ற நிலம்’ என்று அரசு கூறியதில் பெரும்பகுதி, இவ்வாறு ஆட்களை அகற்றி உண்டாக்கிய வெறுமையே என்பதை மறக்கலாகாது. அந்நிலப்பரப்பின் ஆளுநரான இளவரசர் கிரிகோரி போதெம்கின், 1778இல் கெர்சோன் நகரை நிறுவியதோடு, பேரரசின் உள்ளிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் உழவர்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்து குடியமர்த்தினார். டாகோத் தீவின் சுவீடிஷ் குடிகள் அவர் கண்ணில் பட்டது இத்தருணத்தில்தான். 1781இல் பேரரசியின் ஆணை வந்தது; வீடு, நிலம், கால்நடை, வரிவிலக்கு எல்லாம் காத்திருக்கும் என்ற வாக்கும் உடன் வந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் ஏறத்தாழ ஆயிரம் பேர் தீவை விட்டுப் புறப்பட்டனர். அவர்கள் கடைசியாகக் கூடி வழிபட்டதாக நம்பப்படும் மேட்டில் நட்ட சிலுவையின் நினைவாக, இன்றும் ஹீயுமாவுக்கு முதன்முறை வருவோர் குச்சிகளாலும் கற்களாலும் சிறு சிலுவை செய்து அங்கே வைத்துச் செல்லும் வழக்கம் உள்ளது. கிழவரும் குழந்தையும் கர்ப்பிணியும் அடங்கிய அக்கூட்டம் நடந்தும் வண்டியிலுமாக வட ஐரோப்பாவிலிருந்து கருங்கடல் நோக்கிச் சென்றபோது, குளிர்காலம் வழியிலேயே வந்து, பனி உருகும்வரை பொல்தாவா வட்டாரத்தில் தங்கவைத்தது. 1782 மே முதல் நாள் தினிப்ரோ கரையை எட்டியவர்கள் புறப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரே. மற்றவர்கள் வழியிலேயே நோயாலும் குளிராலும் மாண்டிருந்தனர். வந்து சேர்ந்த இடத்தில் வாக்களித்த வீடுகள் இல்லை. குடிநீர் ஒவ்வாமையாலும் வயிற்றுப்போக்காலும் காய்ச்சலாலும் அந்த ஓராண்டில் மேலும் நூற்றுக்கணக்கானோர் இறக்க, 1783 மார்ச் மாதத்தில் உயிரோடிருந்தவர்கள் வெறும் 135 பேர் என்று அவர்களின் பாதிரியார் பேணிய தேவாலயப் பதிவேடு காட்டுகிறது. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் நாள்தோறும் எழுதிவைப்பது லூதரன் திருச்சபையின் கடமை. மார்ட்டின் லூதரின் சீர்திருத்தத்தைப் பின்பற்றிய அந்தப் புரட்டஸ்தாந்துச் சபையின் அந்த ஒழுங்கு இல்லையேல், இச்சாவுகள் யாருடைய கணக்கிலும் ஏறாமலே போயிருக்கும். இதைப் புதிய மண்ணின் கொடுமை என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆயிரம் பேரை ஒரு கையெழுத்தால் நகர்த்திய நிர்வாகம், அவர்கள் இறங்குமிடத்தில் கூரை வேண்டும் என்று எண்ணவில்லை.

எஞ்சியவர்களுக்கு 12,000 தெசியாத்தின் நிலம் உரியது என்று சொல்லப்பட்டது. தெசியாத்தின் என்பது ஒரு ஹெக்டேரைவிடச் சற்றே கூடுதலான பழைய ரஷ்ய அளவு. 135 பேரால் உழ முடியாத பரப்பு அது என்பதே அதற்கு வினையாயிற்று. 1788இல் சுவீடனோடு மூண்ட போரில் பிடிபட்ட சுவீடிஷ் கைதிகள் சிலரை அரசு அங்கே அனுப்பியது. அவர்களில் மிகச் சிலரே நிலைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் குடியேறிகள் வந்து, பக்கத்திலேயே ஷ்லாங்கென்டோர்ஃப், மூல்ஹவுசென்டோர்ஃப், க்ளோஸ்டர்டோர்ஃப் என்ற மூன்று ஊர்களை அமைத்தபோது, சுவீடிஷ் ஊருக்கென்று குறித்த நிலத்திலிருந்தே அவர்களுக்குப் பங்கு வெட்டித் தரப்பட்டது. முதலிரண்டு ஊர்களும் லூதரன், மூன்றாவது கத்தோலிக்க ஊர். முதலாவது ஊரின் பெயரில் உள்ள, பாம்பு எனப் பொருள்படும் சொல்லே பின்னர் உக்ரைனிய மொழியில் ஸ்மியீவ்கா ஆயிற்று. மக்கள்தொகை மீண்டும் பெருகிய தலைமுறைகளில், பறிபோன நிலத்தின் நினைவு சுவீடிஷ் குடும்பங்களில் ஓயாத மனக்குறையாக இருந்துவந்தது. ஆயினும் அண்டை ஜெர்மானியரோடு மண உறவும் கொடுக்கல் வாங்கலும் நாளடைவில் வளர்ந்தன.

அன்றாட வாழ்வைப் பொறுத்தவரை, தீவுவாசிகளான அவர்களைக் காத்தது ஆறே எனலாம். அணைகள் தோன்றுமுன் தினிப்ரோ, ஒவ்வொரு வசந்தத்திலும் கரை கடந்து, கிளையாறுகளும் ஏரிகளும் நாணற்காடும் புல்தரையும் கலந்த அகன்ற வெள்ளச் சமவெளியை நனைத்துச் சென்றது; உக்ரைனியர் அதைப் பிளாவ்னி என்பர். மீனும் கால்நடைக்குப் புல்லும் கூரைக்கு நாணலும் அங்கிருந்து கிடைத்தன. மேட்டில் கோதுமை, ரை என்னும் தானியம், பார்லி, கொல்லையில் திராட்சையும் தர்ப்பூசணியும் என்று பயிர்கள் நிலைகொண்டன. ஆண்டு மழை 400 மில்லிமீட்டர் அளவே உள்ள அந்த நிலத்தில் மண்ணின் வளம் எத்தகையதாயினும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கொருமுறை வறட்சி விளைச்சலைக் கொண்டுபோகும். மரமில்லாத காரணத்தால் சுவரை வெயிலில் காய்ந்த மண்கல்லால் எழுப்பினர்; அடுப்புக்கு, ஸ்டெப்பியின் மற்றெல்லாக் குடிகளையும் போலவே, சாணத்தை வைக்கோலோடு பிசைந்து காயவைத்த வறட்டியே எரிபொருள்.

மொழி பிழைத்ததற்கு மதமே முதற்காரணம். சுற்றிலும் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்த உக்ரைனியர் வாழ, லூதரன் குடும்பத்துக்குள் மணமுடிக்க விரும்பியவர்களுக்கு ஊரும் அண்டை ஜெர்மன் லூதரன் ஊர்களுமே எல்லையாயின. சுவீடிஷ் மொழி பேசும் பாதிரியார் இல்லாத நீண்ட காலங்களில், ஜெர்மன் பாதிரியார்கள் சடங்குகளை நடத்தினர். ஞாயிறுதோறும் ஊர்க்காரர் ஒருவர் எழுந்து பழைய பிரசங்க நூலைச் சுவீடிஷ் மொழியில் வாசித்தார். ஒவ்வொருவரும் வேதாகமத்தைத் தாமே வாசிக்க வேண்டும் என்ற லூதரன் நியதி காரணமாக, பள்ளிக்கூடம் பெயரளவுக்கே இருந்த நாள்களிலும் எழுத்தறிவு வீட்டிலேயே தொடர்ந்தது. இதன் விளைவாக ஊரில் இரு வகைச் சுவீடிஷ் நிலவியது: புத்தகத்திலிருந்து வாசிக்கும் செந்நடை ஒன்று, சுவீடனில் பல வட்டாரங்களில் மறைந்துவிட்ட மூன்று பால் பாகுபாட்டைப் பெயர்ச்சொற்களில் காத்துவந்த, டாகோத் தீவிலிருந்து கொண்டுவந்த பேச்சு வழக்கு மற்றொன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொழியியல் அறிஞர்கள், மதப் பணியாளர்கள் வழியாக இவ்வூரைப் பற்றிய செய்தி ஃபின்லாந்துக்கும் சுவீடனுக்கும் எட்டியது. அங்கே திரட்டிய நன்கொடைகளையும் சேர்த்து 1885இல் புனித யோவான் பெயரில் புதிய தேவாலயம் எழுந்தது. அதே காலத்தில் நிலம் போதாத இளைஞர்கள் சிலர் கனடாவின் மானிட்டோபா, ஆல்பெர்ட்டா மாநிலங்களுக்குக் குடிபெயரத் தொடங்கினர்.

1917இல் பேரரசு சரிந்தபின் வந்த உள்நாட்டுப் போர் இவ்வூரின் வாசலுக்கே வந்தது. ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள காஹோவ்காவில் 1920இல் கம்யூனிஸ்டுகளின் செம்படைக்கும் அதை எதிர்த்த ஜெனரல் விராங்கெலின் வெண்படைக்கும் மாதக்கணக்கில் கடும் போர் நடந்தது. இரு தரப்பும், இடையிடையே கொள்ளைக் கும்பல்களும், குதிரையையும் தானியத்தையும் எடுத்துச் சென்றன. 1921–22இல் பஞ்சம் வந்தது. அதைத் தொடர்ந்த சில அமைதியான ஆண்டுகளும், 1928 முதல் தானியக் கொள்முதலைப் பலவந்தமாக்கிய சோவியத் தலைவர் ஸ்டாலினின் கொள்கையோடு முடிந்தன. ஊரின் பாதிரியாராகவும் ஆசிரியராகவும் விளங்கிய கிறிஸ்டோபர் ஹோஆஸும் ஊர் அவைத் தலைவர் யொஹான்னெஸ் புஸ்காஸும் சுவீடனிடம் புகலிடம் கேட்டு விடாமல் முயன்றனர். சுவீடன் பேராயர் நாதன் சோடெர்புளூமின் ஆதரவும் செஞ்சிலுவைச் சங்கத்தின் உழைப்பும் சேர, சோவியத் அரசு வெளியேற அனுமதித்தது.

கருங்கடல் வழியே ருமேனியாவின் கான்ஸ்டான்சா துறைமுகத்துக்கும், அங்கிருந்து ரயிலில் ஜெர்மனிக்கும், பின் கப்பலில் சுவீடனுக்குமாகப் பயணம் செய்த ஏறத்தாழ 880 பேர் 1929 ஆகஸ்டு 1ஆம் நாள் ட்ரெல்லெபோரி துறைமுகத்தில் இறங்கினர். கிராமம் அநேகமாக முழுதுமாகவே நகர்ந்துவிட்டது. பூர்விக நாட்டின் வரவேற்பு உணர்ச்சிமிக்கதாயிருந்தது. ஆனால் அவர்கள் விரும்பியது ஒரே இடத்தில் ஒரே ஊராக, தமக்கென்று நிலத்தோடு வாழ்வதை. சுவீடன் நிர்வாகம் முடிவுசெய்ததோ, நவீன வேளாண்மையைக் கற்றுக்கொள்ளட்டும் என்று குடும்பங்களைப் பல மாவட்டங்களின் பண்ணைகளில் கூலிகளாகப் பிரித்து அனுப்புவதை. நல்ல நோக்கத்தில் செய்ததாயினும், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு தாம் ஒன்றாக இருந்ததாலேயே பிழைத்த மக்களைச் சிதறடித்த இம்முடிவே, அடுத்து நேர்ந்த துயரங்களுக்கெல்லாம் வழிவகுத்தது. பலர் காலப்போக்கில் கோத்லாந்து தீவில் சொந்தப் பண்ணை வாங்கி ஓரளவு ஒன்றுகூடினர். சிலர் கனடாவுக்குச் சென்று அங்கே பெருமந்த நிலையைச் சந்தித்தனர். ஏறத்தாழ 250 பேரோ, ஏக்கத்தாலும் ஏமாற்றத்தாலும், சொந்த நிலம் காத்திருக்கிறது என்ற கம்யூனிஸ்டுப் பிரசாரத்தாலும், 1930–31இல் சோவியத் ஒன்றியத்துக்கே திரும்பிச் சென்றனர்.

திரும்பியவர்களுக்குக் காத்திருந்தது கூட்டுப்பண்ணை; உழவர்களின் நிலம், மாடு, கருவி அனைத்தையும் ஒன்றாக்கி, விளைச்சலில் அரசின் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும் அமைப்பு அது. சுவீடன் கம்யூனிஸ்டுக் கட்சியின் பெயரையே தாங்கிய அப்பண்ணையில் வேலைசெய்ய அக்கட்சியின் சில ஊழியர்களும் சுவீடனிலிருந்து வந்தனர். 1932–33இல் விதைக்கென்று வைத்ததைக்கூட விடாமல் தானியத்தைப் பறித்ததால் உண்டான, ஹோலோடோமோர் என்று உக்ரைனியர் அழைக்கும் பெரும்பஞ்சத்தில், நாடு முழுவதும் ஏறத்தாழ 39 லட்சம் பேர் மாண்டதாக மக்கள்தொகை அறிஞர்கள் கணிக்கின்றனர். சுவீடனுக்கு மீண்டும் போக அனுமதி கோரிக் கையெழுத்திட்ட கிராமத்தார் சிலர் கைதுசெய்யப்பட்டனர். 1937–38இல் ஸ்டாலினின் அச்சுறுத்தல் ஆட்சி உச்சத்தை எட்டியபோது ஊரின் ஆண்கள் பலர் சுட்டுக்கொல்லப்பட்டனர். வெளிநாட்டுத் தொடர்பு என்ற ஒன்றே அவர்கள் மீதான குற்றமாயிற்று. 1941இல் வந்த ஜெர்மன் ஆக்கிரமிப்புப் படை, 1943இல் பின்வாங்கியபோது ஜெர்மானியரோடு சுவீடிஷ் மக்களையும் மேற்கே அழைத்துச் சென்றது. போரின் முடிவில் சிலர் சுவீடனை அடைந்தனர். மற்றவர்களைச் செம்படை பிடித்து வடக்கே கோமி வட்டாரத்தின் உழைப்பு முகாம்களுக்கு அனுப்பியது. சில ஆண்டுகள் கழித்து விடுதலையானவர்கள் மீண்டும் அதே தினிப்ரோ கரைக்கே வந்தனர்.

அவர்கள் திரும்பிய ஊரில் அயலாரும் வந்து குடியேறினர். அந்த அயலாரும் தம் விருப்பத்தால் வந்தவர்கள் அல்லர். 1951இல் போலந்தும் சோவியத் ஒன்றியமும் எல்லைப்பகுதி நிலத்தைத் தமக்குள் மாற்றிக்கொண்டபோது, கார்ப்பாத்திய மலையடிவாரத்தில் வாழ்ந்த போய்க்கோ எனும் உக்ரைனிய மலைமக்கள் கிராமம் கிராமமாகத் தெற்கே அனுப்பப்பட்டனர்; அவர்களில் ஒரு பகுதியினருக்கு இவ்வூர் ஒதுக்கப்பட்டது. மலைக்காட்டில் வளர்ந்தோர் மரமற்ற சமவெளியில் வாழப் பழகிய கதையும், தீவுவாசிகளின் கதையும் ஒரே ஊருக்குள் இவ்வாறு இணைந்தன. அதே காலத்தில் 1956இல் முடிவுற்ற காஹோவ்கா அணை, 2,155 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீரைத் தேக்கி, மீனும் புல்லும் நாணலும் தந்த பழைய பிளாவ்னி நிலத்தை முழுவதுமாக மூழ்கடித்தது. ஆறு ஊருக்கு முன்னே கடல்போல் அகன்றது, பாசனம் வந்தது, பழைய மீன்பிடியும் புல்வெட்டும் போயின. ஸ்டாரோஷ்வெட்ஸ்கே என்றும் வெர்பீவ்கா என்றும் பெயர் மாறிய சுவீடிஷ் ஊர், பக்கத்து ஜெர்மன் ஊர்களோடு சேர்ந்து ஒரே ஸ்மியீவ்காவாக ஒன்றியது. தேவாலயம் சோவியத் காலத்தில் மன்றக் கூடமாகப் பயன்பட்டது. பிற்காலத்தில் அதில் வழிபாடு மீண்டபோது, புதிய பெரும்பான்மையினரின் ஆர்த்தடாக்ஸ் சபைக்கு உரியதாயிற்று.

1991இல் உக்ரைன் விடுதலை பெற்றபின், கோத்லாந்தின் ரூமா என்ற ஊரை மையமாகக் கொண்ட பழைய குடிகளின் சங்கம், தினிப்ரோ கரைக்கு மீண்டும் வழி கண்டது. மருந்தும் வேளாண் கருவியும் வந்தன. பள்ளியில் சுவீடிஷ் பாடம் நடந்தது. 2008இல் சுவீடன் அரசர் 16ஆம் கார்ல் குஸ்தாவும் அரசி சில்வியாவும் ஊருக்கே வந்தனர். ஆனால் வட்டார வழக்கைத் தாய்மொழியாகப் பேசியவர்கள் அப்போதே சில முதியவர்கள் மட்டும். பிள்ளைகளுக்குப் பள்ளியில் கற்பித்தது ஸ்டாக்ஹோம் நகரத்துச் செந்நடையே. கடைசித் தலைமுறையின் பேச்சை மொழியியலாளர் ஒலிப்பதிவு செய்து அகராதிக்குச் சேகரித்தது, இக்காலத்தின் மதிப்புமிக்க பணி.

2022இன் முற்பகுதியில் ரஷ்யப் படை இப்பகுதியைப் பிடித்தது. நவம்பரில் கெர்சோனின் வலக்கரை முழுவதும் விடுவிக்கப்பட்டபோது ஸ்மியீவ்காவும் விடுபட்டது. ஆயினும் எதிர்க்கரை ரஷ்யர் கையிலேயே உள்ளதால், ஆற்றுக்கு அப்பாலிருந்து வரும் பீரங்கிக் குண்டும் டிரோன் தாக்குதலும் ஓயவில்லை. பெரிஸ்லாவ் வட்டாரத்து ஊர்களில் பலவற்றிலிருந்து மக்கள் வெளியேறிவிட்டனர். 2023 ஜூன் 6ஆம் நாள் காஹோவ்கா அணை தகர்ந்து, அதற்கு மேற்புறத்து நீர்த்தேக்கம் சில வாரங்களில் வற்றிவிட்டது. நீரற்ற தரையில் அடுத்த ஆண்டே ஆளுயரத்துக்கு மேல் வில்லோ மரங்கள் வளர்ந்தன. அணையை மீண்டும் கட்டிப் பாசனத்தைத் தொடர்வதா, 1950களில் மூழ்கிய பிளாவ்னி நிலத்தை இயற்கைக்கே விட்டுவிடுவதா என்ற விவாதம் உக்ரைனில் தொடர்கிறது. பொறியாளர்கள் ஒன்றையும் சூழலியலாளர்கள் மற்றொன்றையும் வற்புறுத்துகின்றனர். எந்த முடிவு வந்தாலும், மேட்டு வயல்களில் புதைந்துள்ள கண்ணிவெடிகளை அகற்றும் வரை ஸ்மியீவ்காவின் உழவர்கள் நிலத்தில் இறங்க இயலாது. அப்பணியோ, எதிர்க்கரையிலிருந்து குண்டுகள் விழும்வரை முழுமையாகத் தொடங்கவே வழியில்லை.